1901–1919 காலத்துப் பேஸ்பால் பிட்சர்கள்: உண்மையிலேயே தனித்து நிற்பவர் யார்?

எறிமேடு (கேள்வி)

வணக்கம். அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலில் 1901 முதல் 1919 வரையிலான சீசன்களின் பதிவேடுகளை ஆண்டுவாரியாகப் படித்து வருகிறேன். மட்டையாளர்கள் பகுதியில் எனக்குக் குழப்பம் இல்லை. டை காப்பும் ஹோனஸ் வாக்னரும் தம் காலத்தவரைவிட எவ்வளவு உயரத்தில் இருந்தார்கள் என்பது பட்டியலைப் பார்த்தவுடன் புலப்பட்டுவிடுகிறது. பந்தெறியும் பிட்சர்கள் பகுதிக்கு வந்தால்தான் யாரைப் பார்த்தாலும் மலைப்பாக இருக்கிறது. 1904-இல் ஜாக் செஸ்ப்ரோ 41 வெற்றிகள், 1908-இல் எட் வால்ஷ் 40 வெற்றிகள். ஈ.ஆர்.ஏ. கணக்கில், அதாவது களத்தடுப்புப் பிழைகளைக் கழித்துவிட்டு ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்களின் கணக்கில், 1906-இல் மார்டெகாய் பிரவுன் 1.04. தம் விளையாட்டு வாழ்க்கை முழுவதற்கும் சேர்த்தே வால்ஷ் 1.82, ஆடி ஜாஸ் 1.89.

இத்தனை பேரும் ஒரே காலத்தில் மேதைகளாக இருந்திருக்க முடியுமா, அல்லது அந்தக் காலமே பிட்சர்களுக்குச் சாதகமாக அமைந்திருந்ததா? சாதகமாக இருந்தது என்றால், அந்தச் சாதகத்தைக் கழித்த பிறகும் நிமிர்ந்து நிற்பவர்கள் யார்? வெற்றிகளின் எண்ணிக்கையை நம்பலாமா, ஈ.ஆர்.ஏ.வை நம்பலாமா என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையகணக்கு

நண்பரே, காலம் பிட்சர்களுக்குச் சாதகமாக இருந்தது என்பதில் ஐயம் வேண்டாம். முதலில் பந்தைப் பாருங்கள். ஓர் ஆட்டத்தில் தொடக்கத்தில் எடுத்த பந்தையே முடிந்தவரை கடைசிவரை வைத்து ஆடினார்கள். கூட்டத்துக்குள் போன பந்தைக்கூடத் திரும்பப் பெற முயல்வார்கள். புகையிலைச் சாறும் மண்ணும் எச்சிலும் ஏறிக் கறுத்துப்போய், அடிபட்டு அடிபட்டு மென்மையாகிவிட்ட அந்தப் பந்து மாலை நேர வெளிச்சத்தில் மட்டையாளரின் கண்ணுக்கே சரியாகத் தெரியாது, எவ்வளவு பலமாக அடித்தாலும் தூரம் போகாது. எச்சில் தடவி எறிவது 1920 வரை சட்டப்படி குற்றமில்லை. வால்ஷும் செஸ்ப்ரோவும் புகழ் பெற்றதே அந்த எச்சில் பந்தால்தான். இதற்கு மேல், ஃபவுலாக, அதாவது எல்லைக்கோட்டுக்கு வெளியே, போகும் முதல் இரண்டு அடிகளையும் ஸ்ட்ரைக்காக (மூன்று சேர்ந்தால் மட்டையாளர் ஆட்டமிழப்பார்) கணக்கிடும் விதியை, அன்றைய இரு முதன்மை லீக்குகளான நேஷனல் லீக் 1901-இலும் அமெரிக்கன் லீக் 1903-இலும் கொண்டுவந்தன. அதுவரை நல்ல பந்துகளை வேண்டுமென்றே ஃபவுலாக்கிப் பிட்சரைக் களைப்படையச் செய்துகொண்டிருந்த மட்டையாளர்களின் கையிலிருந்து ஒரு பெரிய ஆயுதம் அன்றோடு போயிற்று.

ஹோம் ரன் என்பது ஏறக்குறைய இல்லாத ஆட்டம் அது. 1908-இல் சிகாகோ வைட் சாக்ஸ் அணி முழு சீசனிலும் அடித்தவை மொத்தம் மூன்று. அவற்றில் ஒன்று பிட்சரான வால்ஷே அடித்தது. ஒரே அடியில் ரன் போய்விடும் என்ற அச்சம் இல்லாத பிட்சர், பேஸில், அதாவது ஓட்டக்காரர் தங்கும் தளத்தில், ஆள் நிற்காதபோது முழு வேகத்தில் எறியாமல் வலிமையைச் சேமித்துக்கொண்டு, நெருக்கடி வரும்போது மட்டும் அதை அவிழ்த்துவிட முடிந்தது. ஒரு சீசனில் 400 இன்னிங்ஸ் எறிய முடிந்ததன் மர்மம் பெரும்பாலும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஆகவே, ஈ.ஆர்.ஏ.வைத் தனியாகப் பார்க்காமல் அதே ஆண்டு அதே லீக்கின் சராசரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே முறை. 1908-இல் இரண்டு லீக்குகளின் சராசரியும் 2.4 அளவில்தான் இருந்தது. அந்த ஆண்டு வால்ஷின் 1.42 மிகச் சிறந்தது என்றாலும் அதிசயம் அன்று. 1913-இல் நிலைமை வேறு. தக்கை மையம் வைத்த பந்து புழக்கத்துக்கு வந்து, ரன்கள் கூடத் தொடங்கி, அமெரிக்கன் லீக் சராசரி 2.93-ஐ எட்டியிருந்தது. அந்தச் சூழலில் வாஷிங்டன் அணியின் வால்டர் ஜான்சன் 346 இன்னிங்ஸ் எறிந்து 36 ஆட்டங்களில் வென்று, 7-இல் தோற்று, 1.14 என்ற கணக்கோடு முடித்தார். லீக் சராசரியில் பாதிக்கும் வெகு கீழே.

அந்த 1.14-இலும் ஒரு கதை இருக்கிறது. பல பத்தாண்டுகள் புத்தகங்களில் 1.09 என்றே அச்சிட்டு வந்தார்கள். சீசனின் கடைசி நாள் பாஸ்டனுக்கு எதிராக முடிவால் எந்தப் பயனும் இல்லாத ஆட்டம் ஒன்றை இரு அணிகளும் வேடிக்கையாக ஆடின. வெளிக்களத்தில் நின்றிருந்த ஜான்சன் நடுவில் வந்து இரண்டு மட்டையாளர்களுக்கு மெதுவாகத் தூக்கிப் போட, இருவரும் அடித்து, பின்னர் ரன்னும் எடுத்தார்கள். அந்த இரண்டு ரன்கள் பிற்காலத்தில் கணக்கில் சேர்க்கப்பட்டதால்தான் எண் உயர்ந்தது. நான் அந்த இரண்டு ரன்களைப் பொருட்படுத்துவதே இல்லை.

வெற்றிகளின் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள். 1910-இல் வால்ஷின் ஈ.ஆர்.ஏ. 1.27, லீக்கிலேயே மிகக் குறைவு. அந்த ஆண்டு அவர் வென்றது 18, தோற்றது 20. அவருடைய அணி மட்டை பிடிக்கவே இல்லை. 1909-இல் வாஷிங்டன் 42 ஆட்டங்களில் வென்று 110-இல் தோற்றபோது ஜான்சனின் கணக்கு 13 வெற்றி, 25 தோல்வி. அந்த எண்களை மட்டும் வைத்து அவரைச் சாதாரணப் பிட்சர் என்று எழுதியிருந்தால் அது எவ்வளவு பெரிய அநீதியாக இருந்திருக்கும்!

என் தீர்ப்பு: ஜான்சன். 1907 முதல் 1927 வரை ஒரே அணிக்கு 417 வெற்றிகள், 110 ஷட் அவுட்டுகள், அதாவது எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முழுதாக எறிந்த ஆட்டங்கள். அந்த 110-ஐ இன்றுவரை எவரும் நெருங்கவில்லை.

இடக்கைவேகம்

பழையகணக்கு அவர்கள் சொன்ன முறையை ஏற்கிறேன். ஆனால் அதே முறைப்படி பார்த்தால் 1906-இல் பிரவுனின் 1.04-ஐயும் ஜான்சனுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டியிருக்கும். அந்த ஆண்டு நேஷனல் லீக் சராசரி 2.6 அளவில் இருந்தது. விகிதப்படி பார்த்தால் இரண்டு சீசன்களும் ஏறக்குறையச் சமம்.

பழையகணக்கு

விகிதம் சமம்தான். ஆனால் பிரவுனுக்குப் பின்னால் நின்ற அணியைப் பாருங்கள். அந்த ஆண்டு சிகாகோ கப்ஸ் 116 ஆட்டங்களில் வென்று 36-இல் மட்டுமே தோற்றது. அதே அணியின் ஜாக் ஃபீஸ்டரின் ஈ.ஆர்.ஏ. 1.51, எட் ரூல்பாக்கின் ஈ.ஆர்.ஏ. 1.65. டிங்கர், எவர்ஸ், சான்ஸ் ஆகியோர் காத்த உள்களம் எந்தப் பிட்சரின் எண்ணையும் கீழே இறக்கியிருக்கும். ஜான்சனுக்கு அப்படிப்பட்ட அரண் வாய்த்ததில்லை. பிரவுனை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. அவருடைய வலது கையின் வரலாறு தெரிந்தவர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். இண்டியானா மாநிலத்தின் நைஸ்வில் என்ற சிற்றூரில், சிறுவனாக இருந்தபோது தீவனம் வெட்டும் இயந்திரத்தில் கை சிக்கி ஆள்காட்டி விரலின் பெரும்பகுதி போயிற்று; அந்தக் கை ஆறுவதற்குள் கீழே விழுந்ததில் மற்ற விரல்களும் முறிந்து கோணலாக ஒட்டிக்கொண்டன. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்துகொண்டே ஆடப் பழகியவர் அவர். எஞ்சியிருந்த அந்த அடிக்கட்டையின் மேல் பந்தை அழுத்திப் பிடித்து எறிந்தபோது அதற்குக் கிடைத்த சுழற்சியால், மட்டையாளரை நெருங்கும் தறுவாயில் பந்து சட்டென்று கீழே இறங்கியது. ஐந்து விரலும் உள்ளவர்களால் அதை அப்படியே எறிந்து காட்ட முடியவில்லை.

நடுநிலைஏடு

ஜான்சன் கட்சிக்கு எதிராக ஒரு குரலாவது எழ வேண்டும் என்பதால் கிறிஸ்டி மேத்யூசனுக்காகப் பேசுகிறேன்.

இரு லீக்குகளின் பட்டம் வென்ற அணிகளும் மோதும் வேர்ல்ட் சீரீஸில், 1905-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி ஃபிலடெல்பியா அத்லெட்டிக்ஸைச் சந்தித்தது. அக்டோபர் 9, 12, 14 ஆகிய மூன்று நாட்களிலும் மேத்யூசன் எறிந்தார். மூன்று முழு ஆட்டங்கள், 27 இன்னிங்ஸ், ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 18 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்த (மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழக்கச் செய்த) அவர், வாக் (நான்கு தவறான பந்துகளால் மட்டையாளருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) கொடுத்தது ஒரே ஒருவருக்கு. எதிரணியில் ரூப் வாடல் காயத்தால் ஆடவில்லை என்பது உண்மைதான். ஆனால் வாடல் ஆடியிருந்தாலும் அவர் எறிந்திருப்பாரே தவிர, மேத்யூசனை எதிர்த்து அடித்திருக்கப் போவதில்லை. காலத்தின் சாதகத்தைக் கழிக்கச் சொல்கிறீர்கள். எந்தக் காலத்திலும் சாம்பியன்ஷிப்பைத் தீர்மானிக்கும் ஆறே நாட்களில் இதைச் செய்து காட்டியவர் வேறு யார்?

அவருடைய தனிச்சிறப்பு வேகத்தைவிடக் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. 1913-இல் அவர் தொடர்ந்து 68 இன்னிங்ஸ் எவருக்கும் வாக் கொடுக்காமல் எறிந்தார். அந்த சீசன் முழுவதும் 306 இன்னிங்ஸில் கொடுத்தவை வெறும் 21. ஃபேட் அவே என்று அழைக்கப்பட்ட பந்து அவருடைய கையெழுத்து: வலக்கைப் பிட்சர்களின் வளைபந்து வழக்கமாக எந்தப் பக்கம் திரும்புமோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம், அதாவது வலக்கை மட்டையாளரின் உடம்பை நோக்கித் திரும்பும் பந்து அது. மணிக்கட்டை இயல்புக்கு மாறாக உள்நோக்கி முறுக்க வேண்டியிருந்ததால் கையை வெகுவாக வருத்தும். எனவே அவர் அதை ஓர் ஆட்டத்தில் அளவோடுதான் பயன்படுத்தினார். அது எப்போது வரும் என்று தெரியாமலே மட்டையாளர் ஒன்பது இன்னிங்ஸும் நிற்க வேண்டியிருந்தது.

1908-இல் 37 வெற்றிகள், ஈ.ஆர்.ஏ. 1.43. அந்த சீசனின் முடிவு அவருக்குக் கொடுமையானது. செப்டம்பர் 23 அன்று ஜயண்ட்ஸ் ஓட்டக்காரர் ஃபிரெட் மெர்க்கில் இரண்டாவது பேஸைத் தொடாமல் திரும்பியதால் சமநிலை என்று அறிவிக்கப்பட்ட ஆட்டத்துக்குப் பதிலாக, அக்டோபர் 8 அன்று போலோ கிரவுண்ட்ஸில் கப்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் லீக் பட்டம் தீர்மானமாக வேண்டியிருந்தது. ஜயண்ட்ஸுக்கு மேத்யூசன் எறிந்தார். கப்ஸுக்காகத் தொடங்கிய ஃபீஸ்டர் முதல் இன்னிங்ஸிலேயே தடுமாற, உள்ளே வந்த பிரவுன் எஞ்சிய ஆட்டத்தைத் தாங்கிப் பிடித்து 4–2 என்று வென்று கொடுத்தார். அந்த ஆண்டு 390 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து ஓய்ந்திருந்த கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் உலகப் போரின்போது ராணுவத்தின் ரசாயனப் பிரிவில் பணியாற்றிய அவர் நச்சு வாயுவுக்கு ஆளானார். பின்னர் காசநோய் கண்டு 1925-இல், 45 வயதில் இறந்தார். 1936-இல், தலைசிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் தொடங்கப்பட்டபோது முதல் ஐவரில் இடம்பெற்ற பிட்சர்கள் இருவர் மட்டுமே: ஜான்சனும் மேத்யூசனும். நம் வாதம் எந்த இருவரிடையே நடக்க வேண்டும் என்பதை அன்றே முடிவு செய்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எறிமேடு

மூவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி. வால்ஷும் ஜாஸும் ஒட்டுமொத்த ஈ.ஆர்.ஏ. பட்டியலில் முதல் இரண்டு இடங்களில் இருக்கும்போது, இந்த விவாதத்தில் அவர்கள் ஏன் ஓரமாகவே நிற்கிறார்கள்? ஆண்டுகள் குறைவு என்பதாலா?

இடக்கைவேகம்

ஆம், ஆண்டுகள்தான். வால்ஷ் 1908-இல் 464 இன்னிங்ஸ் எறிந்தார்; 1912 வரை அதே பாரத்தைச் சுமந்தார்; 1913-இலிருந்து கை ஒத்துழைக்கவில்லை. மொத்தம் 195 வெற்றிகளோடு நின்றுவிட்டார். பாஸ்டனின் ஜோ வுட் 1912-இல் 34 வென்று 5 மட்டுமே தோற்றார். செப்டம்பர் 6 அன்று ஃபென்வே பார்க்கில் ஜான்சனையே நேருக்கு நேர் 1–0 என்று வீழ்த்திய அந்த 22 வயது இளைஞர், அடுத்த ஆண்டே ஈரப் புல்லில் வழுக்கிக் கட்டைவிரலை முறித்துக்கொண்டார். பழைய வேகம் திரும்பவே இல்லை. பிறகு கிளீவ்லண்ட் அணியில் வெளிக்கள ஆட்டக்காரராக மாறி 1920 வேர்ல்ட் சீரீஸில் ஆடினார். இவ்வளவு அருமையான கைகளை அணி நிர்வாகங்கள் வரம்பின்றிப் பயன்படுத்தியதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

ஜாஸின் முடிவு அதைவிடத் துயரமானது. 1911 ஏப்ரலில், 31 வயதில், காசநோய் மூளையுறையைத் தாக்கியதால் மறைந்தார். அவர் ஆடியவை ஒன்பது சீசன்கள். ஹால் ஆஃப் ஃபேமுக்குப் பத்து சீசன்கள் தேவை என்ற விதியை அவருக்காகத் தளர்த்தி 1978-இல் சேர்த்தார்கள்.

இந்த இருவரும் மோதிய ஓர் ஆட்டத்தை மட்டும் விவரிக்க அனுமதியுங்கள். 1908 அக்டோபர் 2, கிளீவ்லண்ட் லீக் பார்க். கிளீவ்லண்ட், சிகாகோ, டெட்ராய்ட் ஆகிய மூன்று அணிகளும் பட்டத்துக்கு முட்டி மோதிக்கொண்டிருந்த கடைசி வாரம். வால்ஷ் எட்டு இன்னிங்ஸில் 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அவர் விட்டுக்கொடுத்த ஹிட்டுகள், அதாவது மட்டையாளர் அடித்துப் பேஸை அடைந்த அடிகள், நான்குதான். மூன்றாவது இன்னிங்ஸில் முதல் பேஸிலிருந்து விலகி நின்ற ஜோ பர்மிங்ஹாமைப் பிடிக்கப் போன எறி தவறிப்போக, அவர் மூன்றாவது பேஸ் வரை ஓடிவிட்டார். பின்னர் கேட்சரின் கையில் நிற்காமல் போன ஒரு பந்தில் ஹோம் பேஸுக்கு வந்து சேர்ந்தார். ஆட்டத்தின் ஒரே ரன் அதுதான். மறுபுறம் ஜாஸ் ஒருவரையும் முதல் பேஸுக்கே விடவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில், 27-ஆவது மட்டையாளராக ஜான் ஆண்டர்சன் வந்தார். அவர் அடித்த பந்தை மூன்றாவது பேஸில் நின்ற பில் பிராட்லி எடுத்து எறிய, அது தாழ்வாக வந்து சேர்ந்தது. முதல் பேஸில் ஜார்ஜ் ஸ்டோவல் குனிந்து மண்ணோடு அள்ளி எடுத்தார். எதிரணியின் 27 பேரும் வரிசையாக ஆட்டமிழக்கும் பெர்ஃபெக்ட் கேம் நிறைவடைந்தது. ஜாஸ் அன்று எறிந்தவை 74 பந்துகள் மட்டுமே. தோற்றவரும் வென்றவரும் இவ்வளவு உயர்வாக எறிந்த வேறோர் ஆட்டத்தை நான் படித்ததில்லை.

கருப்புவெள்ளைஏடு

இதுவரை பேசப்பட்ட பெயர்கள் அனைத்தும் கறுப்பினத்தவரை உள்ளே விடாத இரண்டு லீக்குகளிலிருந்து வந்தவை என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். கேள்வி தொழில்முறைப் பேஸ்பாலின் சிறந்த பிட்சர்களைப் பற்றியது என்றால், அதே ஆண்டுகளில் ஊதியம் பெற்று ஆடிய இன்னொரு கூட்டத்தை விட்டுவிட்டு விடை சொல்ல முடியாது.

கியூபாவின் ஹோசே மெண்டெஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1908 நவம்பரில் சின்சினாட்டி ரெட்ஸ் அணி ஹவானாவுக்குச் சுற்றுப்பயணம் வந்தபோது, முதல் ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல், கடைசியில் ஒரே ஒரு ஹிட்டோடு 1–0 என்று வென்றார். அந்தத் தொடரில் அவர் ரெட்ஸுக்கு எதிராக எறிந்த 25 இன்னிங்ஸிலும் ரன் விழவில்லை. தோலின் நிறத்தால் அவருக்கு அந்த லீக்குகளின் கதவு திறக்கவே இல்லை. ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது 2006-இல். நியூயார்க் லிங்கன் ஜயண்ட்ஸின் ஜோ வில்லியம்ஸ், தம் இளமையில் நாட்டின் தலைசிறந்த பிட்சர்களில் ஒருவராகத் திகழ்ந்து பிறகு 1920-இல் நீக்ரோ நேஷனல் லீகையே நிறுவிய ரூப் ஃபாஸ்டர், ஊர் ஊராகச் சென்று ஆடிய ஆல் நேஷன்ஸ் அணியின் இடக்கை வீரர் ஜான் டொனால்ட்சன் ஆகியோரும் இதே காலத்தவர்கள். 1952-இல் பிட்ஸ்பர்க் கூரியர் இதழ் நடத்திய வாக்கெடுப்பில், எல்லாரும் அறிந்த சாட்செல் பெய்ஜை ஒரே வாக்கு வித்தியாசத்தில் முந்தியவர் வில்லியம்ஸ்.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. 2020 டிசம்பரில் நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக்குகளாக அங்கீகரித்தபோது எடுத்துக்கொண்ட காலம் 1920 முதல் 1948 வரை. அதற்கு முன்பு ஒழுங்கான லீக் அமைப்பு இல்லாததால், நாம் பேசும் இந்த இருபது ஆண்டுகளில் அவர்கள் எறிந்தவை இன்றும் எந்த அதிகாரபூர்வப் பட்டியலிலும் இல்லை. டொனால்ட்சனின் ஆட்டங்களை அவர் ஆடிய சிற்றூர்களின் பழைய நாளேடுகளைப் புரட்டி ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். லீக் சராசரியோடு ஒப்பிடும் முறை நல்ல முறைதான். ஆனால் அந்தச் சராசரியைக் கணக்கிட்ட லீக், நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒரு பகுதியை வெளியே நிறுத்திவிட்டுக் கணக்கிட்டது. ஜான்சனையோ மேத்யூசனையோ “அக்காலத்தின் முதல்வர்” என்று எழுதும்போது, “வெள்ளையர் லீக்குகளில்” என்ற சொற்களையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

பழையகணக்கு

மேலே உள்ள மறுமொழியை முழுமையாக ஏற்கிறேன். என் தீர்ப்பையும் அந்தச் சொற்களோடு சேர்த்தே இனி வாசியுங்கள்.

இன்னும் இரண்டு பெயர்கள் பாக்கி இருக்கின்றன. சை யங் 1890-இல் தொடங்கியவர் என்பதால் அவரைப் பலர் முந்தைய நூற்றாண்டுக்கு உரியவராக ஒதுக்கிவிடுகிறார்கள். அவருடைய 511 வெற்றிகளில் ஒரு பெரும் பங்கு புதிய நூற்றாண்டில் பாஸ்டனுக்காகப் பெற்றது. 1904 மே 5 அன்று வாடலை எதிர்த்து எறிந்த பெர்ஃபெக்ட் கேமில் கடைசி மட்டையாளராக வந்து ஆட்டமிழந்தவர் அதே வாடல்தான். 1908-இல், 41 வயதில், யங்கின் ஈ.ஆர்.ஏ. 1.26.

மற்றவர் குரோவர் கிளீவ்லண்ட் அலெக்சாண்டர். சாதகத்தைக் கழிப்பது என்ற எறிமேடு அவர்களின் கேள்விக்கு இவரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை என்பேன். ஃபிலடெல்பியா ஃபில்லீஸின் சொந்தக் களமான பேக்கர் பௌலில் வலப்பக்கச் சுவர் மட்டையாளரிடமிருந்து சுமார் 280 அடி தொலைவில்தான் இருந்தது. இடக்கை மட்டையாளர்களுக்கு அதைவிட இனிய இடம் அன்று லீக்கில் இல்லை. அங்கே பாதி ஆட்டங்களை ஆடிக்கொண்டே அவர் 1915, 1916, 1917 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 30 அல்லது அதற்கு மேல் வென்றார். 1916-இல் அவர் எறிந்த 16 ஷட் அவுட்டுகளை ஒரே சீசனில் இருபதாம் நூற்றாண்டில் வேறு எவரும் எட்டவில்லை. அவற்றில் ஒன்பது அந்தச் சின்னக் களத்திலேயே எறிந்தவை. 1918-இல் பிரான்சில் பீரங்கிப் படையில் இருந்தவர், செவித்திறன் குன்றி, வலிப்பு நோயோடு திரும்பி வந்து மேலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் எறிந்தார்.

1929-இல் அவர் தம் 373-ஆவது வெற்றியைப் பெற்றபோது, மேத்யூசனின் 372-ஐ முந்திவிட்டதாகவே எல்லாரும் கொண்டாடினார்கள். பிற்காலத்தில் பழைய ஏடுகளைச் சரிபார்த்தபோது மேத்யூசனின் கணக்கில் விடுபட்டிருந்த ஒரு வெற்றி கண்டுபிடிக்கப்பட்டு, இருவரும் 373-இல் சமமாக நிற்கிறார்கள். நடுநிலைஏடு அவர்கள் மேத்யூசனுக்காகப் பேசியதைப் போல அலெக்சாண்டருக்காக யாராவது விரிவாக எழுதினால் மகிழ்வேன். என்னைப் பொறுத்தவரை ஜான்சனுக்கு அடுத்த இடத்தில் நிற்பவர் அவர்தான், மேத்யூசனுக்கு மூன்றாவது இடம்.